மாடியும் புழக்கடையும்

திருவள்ளூரில் புது வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியில் செடிப் பை வைக்கிறார்கள். பழைய வீட்டுக்காரர்களுக்குப் புழக்கடை இருக்கிறது. இரண்டு பேருமே அரைகுறைத் தோட்டக்காரர்கள்தான். ஞாபகம் வந்தால் தண்ணீர், கையில் இருந்தால் உரம். இந்த அரைகுறையை மாடி மன்னிப்பதில்லை, புழக்கடை மன்னிக்கிறது.

2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை 'நீங்களே செய்து பாருங்கள்' என்று மானிய விலையில் பையும் விதையும் கொடுத்தது. மாடித்தோட்டம் பலருக்கு அறிமுகமானது அப்போதுதான். பையில் நிரப்பும் தென்னை நார்க்கழிவு எடை குறைவு, ஈரம் பிடிக்கும். ஆனால் சத்து சொற்பம். நாம் கொடுத்தால்தான் செடிக்குச் சாப்பாடு. அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் தண்ணீர் மறந்தால் கத்திரிச் செடி தலையைத் தொங்கப்போட்டுவிடும்.

மாடியிலும் ஆச்சரியம் உண்டு, பொறுத்திருந்தால். பாகலும் சுரையும் முதலில் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும். காய்க்காத கொடி என்று பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாள் விட்டால் அடியில் குட்டிப் பிஞ்சோடு பெண் பூ வரும். சுரைப் பூ விரிவது சாயங்காலம், தேனீக்கள் அடையும் நேரம். ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தொட்டுவிட்டால் பிஞ்சு உதிராமல் நிற்கும்.

புழக்கடைக்கு இந்தச் சம்பிரதாயம் எல்லாம் கிடையாது. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் இடத்தில், யாரும் போடாத தக்காளி முளைக்கும். ஹைப்ரிட் பழத்தின் விதை தாயைப் போல வராது. கோலிக்குண்டு அளவில் கொத்தாகக் காய்த்தாலும் காய்க்கும். காக்காய் போட்ட பப்பாளி ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. நீண்ட காம்பில் பூ சரமாகத் தொங்கினால் ஆண் மரம். பழத்துக்குக் காத்திருந்தவருக்கு நிழல்தான். குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்டுப் பாருங்கள், அதன் வேருக்குத் தெருப் பூனைகள் வந்து புரளும்.

சோம்பலுக்கும் ஒரு லாபம் உண்டு. 2008-இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. மருந்து அடித்து ஓய்ந்தார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. ஓயாமல் மருந்து அடிக்கும் தோட்டத்தில் அந்தக் குளவி தங்காது. மாவுப்பூச்சியைக் கண்டும் காணாமல் விடுகிறவரின் மரத்தில் அதற்கு வேலை செய்ய இடம் கிடைக்கும்.

அதற்காக மண்வெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். ஜப்பானின் இயற்கை வேளாண் அறிஞர் ஃபுகோகாவே, அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் விட்டு, மரங்களைப் பறிகொடுத்தவர்தான்.

என் ஓட்டு புழக்கடைக்கே. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு மட்டும் வேறு யோசனை. ஆலைக் கழிவு கலந்த மண்ணாக இருந்தால் காரீயம், காட்மியம் போன்றவற்றைக் கீரை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். பார்க்கப் பச்சைப்பசேலென்றுதான் இருக்கும். உள்ளே ஏறியது கழுவினாலும் போகாது. மண்ணில் சந்தேகம் இருந்தால் கீரையை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். தானாக முளைத்த சுரை எங்கே காய்த்தாலும், சமைக்கும் முன் ஒரு கீற்றை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.