நாய்க்கு ஒரு வாய்க்கூடு

கடிநாயின் வாயை இறுகக் கட்டினால் போதும் என்று நீங்கள் எண்ணக்கூடும். வரலாறு கூறுவது வேறு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெறிநாய்க்கடி நோய் பிரிட்டனை அச்சுறுத்தியது. 1897இல் வேளாண்மை வாரியத் தலைவர் வால்டர் லாங், நோய் கண்ட பகுதிகளில் தெருவுக்கு வரும் நாய்களுக்குக் கம்பிக்கூடு அணிவிக்கச் செய்தார். நாய் வளர்ப்போர் பலர் எதிர்த்தனர். எனினும் அயல்நாட்டு நாய்களுக்கு விதித்த கட்டுப்பாடும் சேரவே, 1902இல் நோய் ஒழிந்தது. 1918இல் மீண்டும் புகுந்தபோதும் இம்முறையே கைகொடுத்தது.

நாய் கடிக்க இயலாதவாறும், ஆனால் தடையின்றி மூச்சுவிடவும் நீர் நக்கிக் குடிக்கவும் இயலுமாறும் கூடு அமைய வேண்டும் என்பது அன்றைய விதி. ஏன் தெரியுமா? நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து, நாக்கை நீட்டி இரைத்தே அது உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. வாயைக் கட்டிவிட்டால் வெயிலில் உயிருக்கே ஆபத்து.

இன்றும் நல்ல பயிற்சியாளர்கள் கூட்டைத் திடீரென மாட்டுவதில்லை. உள்ளே தின்பண்டம் வைத்து, நாய் தானே மூக்கை நுழைக்கப் பழக்குகிறார்கள். அணிந்திருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். கூடு வாங்கும்போது நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: அதற்குள் உங்கள் நாயால் வாயைத் திறக்க முடிகிறதா?