தீவகத்துச் சாயவேரும் சிறுவர் நூற் சித்திரமும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் தமிழ்க் கல்வெட்டொன்று உளது. 12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காத்தற்பொருட்டும், உடைந்த மரக்கலங்களின் பண்டங்களில் அரசுக்குரிய பங்கினை வரையறுத்தற்பொருட்டும் விடுத்த ஆணை அது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. திண்ணைப் பள்ளிகள் நிலவிய நாளில் நம் சிறுவர் தம் முதலெழுத்துக்களை மணலில் விரலால் எழுதிப் பயின்றனர். அரசன் கல்லைத் தெரிந்தான். ஆசிரியர் மணலைத் தெரிந்தார். முன்னது அழியாதிருத்தல் வேண்டும். பின்னது அழித்தழித்து எழுதப்படல் வேண்டும். இரண்டும் தக்க தெரிவுகளே.

தாமே கதை எழுதித் தாமே படமும் வரைந்து சிறுவர்க்கு நூல் செய்ய விழைவோர் இன்று நம்மிடையே உளர். எந்த மை, எந்த வர்ணம், எந்தத் தாள் என்பதே அன்னார் முதலிற் கேட்கும் வினா. அவ்வினாவுக்கு விலைப்பட்டியலை நோக்குமுன், தீவகத்தின் பழைய எழுதுபொருள்களின் வரலாற்றைச் சற்று நோக்குதல் பயனுடைத்து.

முதற்கண் பனையோலை. ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, கீறிய தடத்தில் மையைத் தடவித் துடைத்தனர் முன்னோர். கரியும், மஞ்சளும், ஊமத்தை இலைச்சாறும் அம்மையிற் சேர்ந்தன. கூரிய ஆணி ஓலையைத் துளைத்துவிடுமாதலின் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது எழுதும் வழக்கமும் நிலவிற்று. ஆகவே, பொருளின் இயல்பு எழுத்தின் வடிவையே கட்டுப்படுத்தியது. ஒடிசா நாட்டு ஓலைச் சித்திரங்களை நோக்குவார், ஆங்கும் கோடே படத்தின் உயிராய் நிற்றலைக் காண்பர். ஓலையில் மை மங்கினும் கீறல் அழிவதில்லை. மீண்டும் மை தடவினால் எழுத்து முன்போலத் தோன்றும். சிறுவர் நூலுக்கு வரைவார் இதனின்றும் கற்கத்தக்கது ஒன்றுண்டு. வர்ணத்தை நீக்கினும் கோடு தனித்து நின்று கதை சொல்லுதல் வேண்டும்.

இரண்டாவது கரி. விளக்குப் புகையினின்றும் எடுக்கப்படும் கரி ஒளியால் மங்குவதன்று. இன்று கடைகளிற் கிடைக்கும் இந்திய மையும் கரி கலந்ததே. ஆனால் சாதாரண எழுதுகோல் மைகள் பல சாயங்களாற் செய்யப்பட்டவை. வெயில் பட வெளிறும், நீர் பட ஊறும். எனவே, மேலே நீர்வர்ணம் பூச எண்ணுபவர், உலர்ந்தபின் நீரிற் கரையாத கரிமையையே தெரிதல் வேண்டும்.

மூன்றாவது சிவப்பு. இதன் வரலாறே நம் தீவகத்துக்குச் சிறப்பாக உரியது. சாயவேர் என்னும் சிறுசெடி யாழ்ப்பாணத் தீவுகளிலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலங்களில் வளர்வது. அதன் வேரை அகழ்ந்து, சீனக்காரம் எனப்படும் படிகாரத்தின் துணைகொண்டு பருத்தித் துணிக்குச் செஞ்சாயம் ஏற்றினர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் வேலணைக்கு லெய்டன் என்றும் தம்மூர்ப் பெயர்களைச் சூட்டியதோடு, இவ்வேரையும் தம் வருவாய்ப் பொருள்களுள் ஒன்றாக்கினர்.

சாயவேரின் செம்மைக்குக் காரணமான பொருள்களுள் முதன்மையானது அலிசரின். 1868இல் கிறேபே, லீபர்மான் என்னும் ஜேர்மன் அறிஞர் இருவர் அதனைச் செயற்கை முறையில் ஆக்கினர். அதன்பின் வேர்ச் சாயங்களின் வாணிகம் உலகெங்கும் வீழ்ந்தது. இன்று நீர்வர்ணப் பெட்டியில் ‘அலிசரின் கிரிம்சன்’ என்னும் பெயரோடு கிடக்கும் செந்நிறம், நம் மணலில் அகழ்ந்தெடுத்த அச்செம்மையின் உறவே. ஆயினும், படிகாரத்தாற் பருத்தி நூலிற் பிணிப்புண்டு துவைத்தலைத் தாங்கிய அச்சிவப்பு, தாளின்மேல் மெல்லிய பூச்சாய்க் கிடக்கும்போது ஒளியால் வெளிறிவிடுகின்றது. பொருள் ஒன்றேயாயினும் அது பற்றிநிற்கும் தளம் வேறு. ஆகவே பயனும் வேறு. குழாயின் பெயரை மட்டும் நம்பாது, அதிற் பொறித்த நிறமி எண்ணையும் ஒளிதாங்கும் தரத்தையும் வாசித்தல் வேண்டும். பீ. ஆர். 83 என்றிருப்பின் அது பழைய அலிசரின். அதற்கீடாகக் குயினாக்ரிடோன் வகைச் சிவப்பைக் கொள்வது நன்று.

இனி, படம் வரைந்தாற் போதாது. அஃது அச்சேறவும் வேண்டும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அதே 1658இல், கொமேனியஸ் என்னும் கல்வியாளர் சிறுவர்க்கான படநூலொன்றை நியூரம்பேர்க் நகரில் வெளியிட்டார். அதன் படங்கள் மரக்கட்டையிற் செதுக்கியவை. எனவே அவை திண்ணிய கோடுகளாய் அமைந்தன. 1901இல் பியாற்றிக்ஸ் பொற்றர் என்னும் ஆங்கில அம்மையார் தம் முயற்கதையைத் தம் செலவில் 250 படிகள் அச்சிட்டபோது, முகப்புப் படம் தவிர ஏனையவற்றைக் கறுப்புக் கோட்டுப் படங்களாகவே அமைத்தார். அடுத்த ஆண்டு பதிப்பகமொன்று அந்நூலை ஏற்றபின்னரே வர்ணப் படங்கள் இடம்பெற்றன. கைப்பொருளுக்கும் அச்சுக்கும் இயைந்ததைத் தெரிதல் இழிவன்று என்பதற்கு இஃதொரு சான்று.

இக்காலத்து ஓப்செற் அச்சு நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் நுண்புள்ளிகளால் எல்லா நிறத்தையும் காட்ட முயல்வது. பொன்வர்ணமும் ஒளிர்வர்ணமும் அதில் அவ்வாறே வாரா. மிக மெல்லிய பூச்சுக்கள் மறைந்துபோம். கரடான தாளின் மேடுபள்ளங்கள் வருடியில் நிழலாய்ப் பதியும். ஆதலின் மழமழப்பான, அமிலமற்ற பருத்தித் தாளே உகந்தது. மலிவான மரக்கூழ்த் தாள் மஞ்சளித்து நொறுங்கும். பாடசாலையில் நிழற்படிப் பொறி மட்டுமே உளதாயின் பென்சிலையும் சாம்பற் பூச்சையும் விடுத்துத் தனிக் கரிமைக் கோட்டிலேயே வரைக. நூறு படி எடுப்பினும் அது தெளிவாய் நிற்கும்.

இத்துணை நுணுக்கம் சிறுவர் நூலுக்கு வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போரில் தீவக மக்கள் பெருந்தொகையாய் ஊர் நீங்கினர். நெடுந்தீவின் பெருக்கமரத்தையும், பவளக்கல் வேலியையும், கட்டின்றித் திரியும் குதிரைகளையும் காணாது பிறவிடங்களில் வளர்ந்த அவர்தம் பிள்ளைகள் பலர். ஊரைக் காணாத குழந்தைக்கு ஊரைக் காட்டவல்லது படம். அதனை வரைந்த தாள் பத்தாண்டில் மஞ்சளித்து, அதன் சிவப்பு வெளிறிப்போமாயின், நாம் காட்ட எண்ணியது மீண்டும் ஒருமுறை மறைந்துபோம்.

ஆதலின், மாணவர்காள், பெருஞ் செலவு வேண்டா. கரிமைப் புட்டி ஒன்று, நல்ல தாள் சில, ஒளிதாங்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று குழாய்கள் போதும். வரைந்த மூலத்தை வெயில் படாது உறையிலிட்டு வைம்மின். அதன் எண்மியப் படியை இரண்டு வேறிடங்களிற் காம்மின். முதற் படமாக உங்கள் வீட்டு வேலியையே வரைம்மின்.