12 நிமிடத் தியானம் பிறந்த கதை

இந்தக் கதை தியானத்தில் தொடங்கவில்லை, ஒரு சின்னக் காயத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் குழுவினரும் 13 பெண்களின் முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை வட்டமாக வெட்டியெடுத்தார்கள். எல்லோரும் டிமென்ஷியா வந்த உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். வயதும் வருமானமும் ஏறக்குறைய ஒத்த, ஆனால் அந்தப் பாரம் இல்லாத வேறு 13 பெண்களுக்கும் அதே அளவு காயம். பிறகு ஆறும்வரை காத்திருந்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் காயம் ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாயிற்று. 1995-இல் ‘லான்செட்’ இதழில் இது வெளிவந்தது.

இவர்கள் படும் பாடு அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1981-இல் நான்சி மேஸும் பீட்டர் ராபின்ஸும் எழுதிய கையேட்டின் தலைப்பே இவர்களுக்கு ஒரு நாள் என்பது 36 மணி நேரம் என்றது. ஆனால் அலுப்பு என்று சொன்னால், ‘கொஞ்சம் படுத்து எழுந்திரு’ என்று ஊர் சொல்லிவிடும். கையில் தோல் மூடாமல் கிடப்பதை அப்படித் தள்ளிவிட முடியாது.

அடுத்த தடயம் 2004-இல் கிடைத்தது. நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளை வளர்க்கும் தாய்மாரை எலிசா எபெலும் எலிசபெத் பிளாக்பர்னும் ஆராய்ந்தார்கள். மிக அதிக மன அழுத்தத்தில் இருப்பதாகச் சொன்ன தாய்மாரின் உயிரணுக்களில், குரோமோசோம் நுனியைக் காக்கும் டெலோமியர் குறைந்தது பத்து வயது கூடியவர்போலக் குறுகியிருந்தது. டெலோமியர் பற்றிய கண்டுபிடிப்புக்காக 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே பிளாக்பர்ன்தான்.

தியானம் வந்தது வேறொரு பாதையில். டெல்லி விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக இருந்து, 1968-இல் வட அமெரிக்காவுக்குப் போன யோகி பஜன், குண்டலினி யோகம் என்ற பெயரில் கற்பித்தவற்றுள் ஒன்று ‘கீர்த்தன் க்ரியா’. சா, தா, நா, மா என்று நான்கு ஒலி. ஒவ்வோர் ஒலிக்கும் கட்டைவிரல் முறையே ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரலைத் தொட வேண்டும். 2 நிமிடம் வாய்விட்டு, 2 நிமிடம் முணுமுணுப்பாக, 4 நிமிடம் மனத்துக்குள், மறுபடி 2 முணுமுணுப்பு, 2 வாய்விட்டு. ஆக 12. (பஜன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிய புகார்களை ஆராய்ந்த 2020-ஆம் ஆண்டு அறிக்கை, அவை பெரும்பாலும் நம்பத்தக்கவை என்றது. பயிற்சி நல்லது என்பதற்காகப் பயிற்றுவித்தவரை வணங்கிவிட வேண்டியதில்லை.)

டக்ஸனில் அல்சைமர் தடுப்பு அறக்கட்டளை நடத்திய மருத்துவர் தர்ம சிங் கால்சா இந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டார். முதலில் தந்தது, நினைவு தடுமாறுபவர்களுக்கே. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர்களிடம் அதைக் கொண்டுபோனவர் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக முதியோர் மனநல மருத்துவர் ஹெலன் லாவ்ரெட்ஸ்கி. எபெலும் பிளாக்பர்னும் கால்சாவும் அவர் நடத்திய ஆய்வில் சேர்ந்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் பாடும் டெலோமியரும் விரல் தொடும் தியானமும் ஒரே மேசைக்கு வந்தது அப்போதுதான்.

மனச்சோர்வு அறிகுறியுள்ள 39 பேர், 8 வாரம். ஒரு பிரிவு தினமும் 12 நிமிடம் கீர்த்தன் க்ரியா செய்தது. மறு பிரிவு அதே 12 நிமிடம் இதமான இசைநாடா கேட்டது. டெலோமியரைப் புதுப்பிக்கும் டெலோமரேஸ் நொதியின் செயல்பாடு தியானக் குழுவில் 43 சதவீதமும் நாடா கேட்டவர்களிடம் 3.7 சதவீதமும் உயர்ந்தது. மனச்சோர்வும் தியானம் செய்தவர்களிடமே அதிகம் தணிந்தது.

இந்த 43-ஐப் பிடித்துக்கொண்டு ‘ஆயுள் கூடும்’ என்று விற்பவர்கள் உண்டு. ஒரு நொதி சுறுசுறுப்பானதை ஆயுள் என்று படிக்கக் கூடாது. 39 பேர் சிறிய கூட்டம். ஆய்வாளர்களே இதை முன்னோட்டம் என்றுதான் தலைப்பில் போட்டார்கள். எனக்கு அந்த 12-தான் பெரிதாகப் படுகிறது. குளிக்கப் போனாலே கதவைத் தட்டும் நோயாளி உள்ள வீட்டில், ஒரு மணி நேர வகுப்பை எந்த மருமகளும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டாள். மாமனார் கண்ணயர்ந்த இடைவெளியில் 12 நிமிடம் சில நாளாவது கிடைக்கும்.

பிற்பாடு லாவ்ரெட்ஸ்கியின் குழு இதே பயிற்சியை, யோக வகுப்போடு சேர்த்து, லேசான மறதி தொடங்கிய 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 12 வாரம் சோதித்தது. எதிரில் வைத்தது இசைநாடாவை அல்ல, நினைவாற்றல் பயிற்சியை. சொற்களை நினைவில் வைப்பதில் இரு தரப்பும் சமமாகவே தேறின. மனநிலையில் யோகத் தரப்பு முந்தியது.