சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய மூட்டுவலி

சிக்குன்குனியா காய்ச்சல் தணிந்த பின்னும் மூன்று மாதங்களுக்கு மேல் தொடரும் மூட்டுவலி, வீக்கம், காலைநேர விறைப்பு ஆகியவற்றைக் குறிக்கும் நாட்பட்ட நிலை.

பெயரும் வரலாறும்: சிக்குன்குனியா 1952-இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் கண்டறியப்பட்டது. மக்கொண்டே மொழியில் இப்பெயர் வலியால் உடல் வளைந்துபோவதைச் சுட்டும். இந்தியாவில் 1963-இல் கொல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் பரவியது. நீண்ட இடைவெளிக்குப் பின் 2006-இல் தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் மீண்டும் பரவியது.

இயல்பு: காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் விடும். மூட்டுச் சவ்வில் அழற்சி தங்கிவிட்டால் விரல், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வலிக்கும். நடுவயதைக் கடந்தோர், பெண்கள், முன்பே மூட்டுநோய் உள்ளோர், தொடக்கத்தில் கடும் வலி கண்டோர் ஆகியோருக்கு இந்த வாய்ப்பு அதிகம். வெளியே தெரியாத இவ்வலியைச் சோம்பலென்று ஒதுக்குவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

சிகிச்சை: சிக்குன்குனியா வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை. காய்ச்சலின்போது, டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கூடாது, பாராசிட்டமால் போதும். ஸ்டீராய்டுகளைத் தாமாக உட்கொள்ளக் கூடாது. மெல்லிய உடற்பயிற்சியும் இயன்முறைச் சிகிச்சையும் விறைப்பைக் குறைக்கும். வலி நீடித்தால் மூட்டுவாத மருத்துவரை அணுக வேண்டும்.

தடுப்பு: சிக்குன்குனியாவைப் பரப்பும், பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் பெருகும். தொட்டி, டிரம் ஆகியவற்றை வாரமொருமுறை காலிசெய்து, முட்டை ஒட்டியிருக்கும் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பழைய டயர், கொட்டாங்கச்சி ஆகியவற்றை அகற்ற வேண்டும். நோயாளி காய்ச்சலின் முதல் வாரம் பகலிலும் கொசுவலைக்குள் இருப்பது பிறரைக் காக்கும்.