குழிப்பந்தாட்டத் திடல் பராமரிப்பாளர்

குழிப்பந்தாட்டத் திடல் பராமரிப்பாளர் என்போர் கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டம் நடைபெறும் நிலத்தின் புல், மண், நீர், வடிகால் ஆகியவற்றைப் பேணும் தொழிலாளர்கள் ஆவர். இவர்களுக்குத் தலைமை வகிப்பவர் திடல் கண்காணிப்பாளர் எனப்படுகிறார். இந்தியக் கழகங்களில் புல் வெட்டுதல், களையெடுத்தல், நீர் பாய்ச்சுதல் போன்ற வேலைகளைச் செய்வோர் பொதுவாக மாலி என்று அழைக்கப்படுகின்றனர். ஆட்டக்காரரின் மட்டைகளைச் சுமந்து செல்லும் கேடிகளின் தொழில் இதிலிருந்து வேறானது.

வரலாறு

ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல் நிலங்களில் இவ்வாட்டம் வளர்ந்த காலத்தில் ஆடுகளும் முயல்களும் மேய்ந்தே புல் குட்டையாக இருந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் படிங் 1830இல் புல் வெட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலை 1860களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பேணிய டாம் மோரிஸ் (1821–1908) இத்தொழிலின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். புல்லின் மேல் மெல்லிய மணல் பரப்பி அதனைச் செழிக்கச் செய்யும் முறை இவரால் பரவியது.

இருபதாம் நூற்றாண்டில் இத்தொழில் அறிவியல் அடிப்படை பெற்றது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1920இல் புல்தள ஆய்வுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது. இங்கிலாந்தின் பிங்லி நகரில் 1929இல் ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது.

பணிகள்

குழியைச் சுற்றியுள்ள மிகக் குட்டையான புல்தளம் கிரீன் எனப்படும். இதன் புல் பொதுவாக 3 முதல் 4 மில்லிமீட்டர் உயரத்திற்கு வெட்டப்படுகிறது. ஆட்டக்காரர் வருமுன் வேலை முடியவேண்டியிருப்பதால் பராமரிப்பாளரின் நாள் விடியற்காலையிலேயே தொடங்குகிறது. அவர்களின் முதன்மையான பணிகள் பின்வருமாறு:

* பனித்துளியை அகற்றுதல், புல் வெட்டுதல்
* குழியின் இடத்தை மாற்றுதல். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர் ஆகும். ஒரே இடம் மிதிபட்டுத் தேயாதிருக்க, பழைய குழி மூடப்பட்டு வேறிடத்தில் புதியது வெட்டப்படுகிறது.
* மண்ணில் சிறு துளைகளிட்டு வேருக்குக் காற்றோட்டம் அளித்தல், மணல் தூவுதல்
* மணற்குழிகளைச் சமப்படுத்துதல்
* நோய், பூச்சி, களை ஆகியவற்றைக் கண்டறிந்து கட்டுப்படுத்துதல்

கிரீனில் பந்து உருளும் வேகம் ஸ்டிம்ப்மீட்டர் என்னும் கருவியால் அளக்கப்படுகிறது. இதனை 1935இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் உருவாக்கினார். பள்ளமுடைய ஒரு சட்டத்திலிருந்து பந்தை உருளவிட்டு, அது சென்று நிற்கும் தொலைவு அளவாகக் கொள்ளப்படுகிறது.

மண்ணும் நீரும்

அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, கிரீனின் அடியில் சுமார் 10 சென்டிமீட்டர் சரளைக் கல்லும் அதன்மேல் சுமார் 30 சென்டிமீட்டர் மணற்கலவையும் இடப்படுகின்றன. இது நெல் வயலின் அமைப்புக்கு நேர்மாறானது. திருத்துறைப்பூண்டி போன்ற காவிரிப் படுகைப் பகுதிகளில் வயலைச் சேறாக்கி, களிமண் அடித்தட்டு இறுகச் செய்து நீரைத் தேக்குவர். கிரீனிலோ நீர் தேங்கினால் வேர் அழுகிப் பூஞ்சை நோய் பரவும் என்பதால் அதை விரைவாக வடியச் செய்வர். மணல் நீரைத் தேக்காததால் வறண்ட காலத்தில் அடிக்கடி நீர் பாய்ச்ச வேண்டியுள்ளது.

புல் வகைகள்

வெப்ப நாடுகளின் திடல்களில் மிகுதியாகப் பயன்படுவது அறுகம்புல் ஆகும். தமிழகத்தில் பிள்ளையார் வழிபாட்டுக்குரிய இப்புல், படுகை உழவருக்கு வரப்பில் மண் அரிப்பைத் தடுக்கும் துணையாகவும் வயலுக்குள் அகற்ற அரிய களையாகவும் உள்ளது. ஆங்கிலத்தில் இது பெர்முடா புல் எனப்படுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள டிஃப்டனில் கிளென் பர்ட்டன் இதனை ஆப்பிரிக்க அறுகு வகையுடன் கலந்து டிஃப்கிரீன் (1956) முதலிய கலப்பினங்களை உருவாக்கினார். இவை முளைக்கும் விதை தருவதில்லை; தண்டுத் துண்டுகளை நட்டே பரப்பப்படுகின்றன. கடலோர உவர் நிலங்களில் உப்பைத் தாங்கும் கடற்கரைப் பாஸ்பலம் என்னும் புல் வளர்க்கப்படுகிறது.

தொழில்சார் அமைப்புகள்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1926இல் அறுபது பராமரிப்பாளர்கள் கூடித் தேசியச் சங்கம் ஒன்றை அமைத்தனர். ஜான் மோர்லி அதன் முதல் தலைவரானார். பிற்காலத்தில் அது அமெரிக்க கோல்ஃப் திடல் கண்காணிப்பாளர் சங்கம் எனப் பெயர் மாறியது. பிரித்தானியாவில் தனித்தனியாக இயங்கிய சங்கங்கள் 1987இல் ஒன்றிணைந்தன. அனுபவத்தால் மட்டும் கற்கப்பட்ட வேலையைப் பயிற்சியும் சான்றிதழும் உடைய தொழிலாக மாற்றியதில் இவ்வமைப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. இந்தியாவிலும் கண்காணிப்பாளர்களுக்கும் மேலாளர்களுக்குமான சங்கம் உள்ளது. எனினும் இத்தகைய அமைப்புகள் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளோரையே முதன்மையாகக் கருதுகின்றன.

இந்தியாவிலும் இலங்கையிலும்

1829இல் தோன்றிய கல்கத்தா கோல்ஃப் கழகம் பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அமைந்தவற்றுள் மிகப் பழமையானது. தமிழ்நாட்டில் சென்னை, உதகமண்டலம், வெலிங்டன், கொடைக்கானல் ஆகிய இடங்களில் திடல்கள் ஏற்பட்டன. கொடைக்கானல் கழகம் 1895இல் தொடங்கப்பட்டது. அங்கு காட்டெருமைகள் திடலுக்குள் மேய வருவதால், விலங்குகளின் நடமாட்டத்தை அறிந்து வேலை செய்வதும் பராமரிப்பாளரின் திறனாகிறது. கொழும்பில் உள்ள ராயல் கொழும்பு கோல்ஃப் கழகத் திடலின் ஊடே களனிவெளி இருப்புப்பாதை செல்கிறது.

சென்னை கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் உட்பகுதியில் நெடுங்காலம் குழிப்பந்தாட்டம் நடைபெற்றது. பந்தயக் கழகத்திற்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மீட்டது. அங்கே வெள்ள நீரைத் தேக்கும் குளங்கள் வெட்டும் பணி பின்னர் மேற்கொள்ளப்பட்டது.

உடல்நலமும் சூழலும்

புல்லை மிகக் குட்டையாக வெட்டுவதால் அது நோய்க்கு எளிதில் இலக்காகிறது. இதனால் பூச்சிக்கொல்லிகளும் பூஞ்சைக்கொல்லிகளும் மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டன. பாதரசச் சேர்மங்களும் இருபதாம் நூற்றாண்டில் பயன்பட்டன. அமெரிக்காவில் இறந்த 686 கண்காணிப்பாளர்களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1996இல் வெளியான ஆய்வு, மூளை, நிணநீர்மண்டலம், பெருங்குடல் முதலியவற்றின் புற்றுநோயால் நேர்ந்த இறப்புகள் எதிர்பார்த்ததைவிட மிகுதி என்று கண்டது. இறப்புக் காரணங்களின் விகிதத்தை மட்டும் ஒப்பிட்டதால், வேதிப்பொருட்களே காரணம் என அவ்வாய்வு நிறுவவில்லை. ஆயினும் கையுறை, முகமூடி ஆகியவற்றின் தேவையையும், மருந்து தெளித்த இடத்திற்குள் உடனே நுழையாதிருப்பதன் தேவையையும் இது வலியுறுத்தியது. கையால் மருந்து கலந்து தெளிக்கும் தொழிலாளிக்கே பாதிப்பு முதலில் நேரும் என்பது குறிப்பிடத்தக்கது.

மலேசியாவில் இரப்பர்த் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகவும் குழிப்பந்தாட்டத் திடல்களாகவும் மாற்றப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் வேலையுடன் இருப்பிடத்தையும் இழந்தனர். நிலம், நீர் ஆகியவற்றின் பயன்பாட்டை எதிர்த்து 1993இல் பினாங்கில் உலகளாவிய எதிர்ப்பியக்கம் தொடங்கப்பட்டது. பின்னர் பல திடல்கள் தூய்மையாக்கிய கழிவுநீரைப் பாய்ச்சுதல், வறட்சி தாங்கும் புல்லை நடுதல், தேவைப்படும் இடத்தில் மட்டும் மருந்திடுதல் ஆகிய முறைகளைக் கைக்கொண்டன. இம்முறைகளின் வெற்றி, நிலத்தை நாள்தோறும் நேரில் காணும் பராமரிப்பாளரின் பயிற்சியையே பெரிதும் சார்ந்துள்ளது.