ரோகேரியுஸ், ஆபிரகாம்: பழவேற்காட்டுப் பாதிரியார்

ஹாலந்து தேசத்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பழவேற்காட்டில் தங்கி, 1642-இல் அவ்வூரை விட்டுச் சென்ற சீர்திருத்தச் சபைப் பாதிரியார். அந்நிய மண்ணில் கிறிஸ்தவப் பணி செய்ய வந்த ஒருவர், சுற்றிலும் வாழ்ந்த மக்களின் ஆசார அனுஷ்டானங்களைக் கண்டிக்கப் புகுமுன் அவற்றை நிதானமாகக் கேட்டறிய முற்பட்ட ஆதி உதாரணங்களுள் இவருடைய வாழ்க்கை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

சென்னைக்கு வடக்கே, இந்தியாவின் உப்பங்கழிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரியின் தென்கரையில் அமைந்த பழவேற்காட்டுக்குப் போர்த்துக்கீசியர் முதலிலும், அவர்களுக்குப் போட்டியாக டச்சுக்காரர் பின்னரும் வந்தனர். விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் அனுமதி பெற்று டச்சுக்காரர் கட்டிய பண்டகசாலையைச் சாந்தோம் போர்த்துக்கீசியர் 1612-இல் அழித்துவிடவே, மறு ஆண்டிலேயே அங்கு கெல்திரியா என்னும் கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் அதிகாரம் முழுவதும் அக்கோட்டையிலிருந்தே செலுத்தப்பட்டது. கீழ்த்திசைத் தீவுகளின் வாசனைத் திரவியங்களுக்கு மாற்றாகத் துணிகள் இங்கிருந்து கப்பலேறின. துணிகளோடு, பஞ்சத்தாலும் போராலும் அடிமைப்பட்ட மனிதர்களும் ஆயிரக்கணக்கில் ஜாவாத் தீவின் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டனர் என்பதைச் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகமாகும். பாதிரியாரின் சம்பளமும் அதே கம்பெனியின் பொக்கிஷத்திலிருந்துதான் வந்தது.

லெய்டன் நகரில் பேராசிரியர் வலேயுஸ் நடத்திய வித்தியாசாலையில், கீழ்த்திசை ஊழியத்துக்கென்றே பயிற்சி பெற்றவர் ரோகேரியுஸ். ஆனால் அவர் வந்திறங்கிய கரையில் அன்றாட வியவகாரத்துக்கு உதவியது டச்சு மொழியன்று. முன்னர் வந்தோர் விட்டுச்சென்ற போர்த்துக்கீசியமே துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் பலஜாதி மக்களின் பொதுப் பேச்சாக வழங்கிற்று. எதிரியின் மொழியென்றும், எதிர்ச்சபையாரான கத்தோலிக்கரின் மொழியென்றும் அதை ஒதுக்காமல் கற்றுக்கொண்டது அவர் இந்நாட்டு வாழ்வுக்குத் தம்மைப் பக்குவப்படுத்திக்கொண்டதன் முதற்படியாகும். அக்காலத்தில் இக்கரைக்கு வந்த ஐரோப்பியருக்கு மரணம் எவ்வளவு அணித்தாயிருந்தது என்பதைக் காண விரும்புவோர், வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பெற்று, இன்று தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பிலுள்ள டச்சு இடுகாட்டைச் சென்று பார்க்கலாம்.

ரோகேரியுஸுக்குக் கிடைத்த பெரும் பேறு பத்மநாபன் என்னும் அந்தணரின் நட்பு. ஒருவருக்கு வடமொழி தெரியாது. மற்றவருக்கு டச்சு தெரியாது. இருவருக்கும் பொதுவான போர்த்துக்கீசியத்தில் வினாவும் விடையுமாக வளர்ந்த சம்பாஷணையிலிருந்து, நால்வகை வருணம், விவாகம், ஆகார நியமம், சுபகாலம், அந்தியக்கிரியை, தேவாலய வழிபாடு முதலிய விஷயங்கள் அனைத்தும் கிரமமாகத் தொகுக்கப்பட்டன. வடமொழிக் கவி பர்த்ருஹரியின் நீதி சதகத்தையும் வைராக்கிய சதகத்தையும் பத்மநாபன் விளக்கிச் சொல்ல, ரோகேரியுஸ் டச்சு வசனத்தில் எழுதினார். அக்கவியின் மற்றொரு நூலான சிருங்கார சதகம் சேர்க்கப்படவில்லை. பத்தாவியாவில் சில காலம் பணிபுரிந்து, 1647-இல் தாயகம் திரும்பிய அவர் 1649-இல் காலமானார். மறைந்து கிடக்கும் அஞ்ஞான மார்க்கத்துக்குத் திறந்த வாசல் என்னும் பொருள்படும் தலைப்போடு இத்தொகுப்பு நூலாக 1651-இல் லெய்டனில் வெளிவந்தது. 1663-இல் ஜெர்மன் மொழியிலும் 1670-இல் பிரெஞ்சு மொழியிலும் அது பெயர்க்கப்பட்டது. பின்னாளில் ஜெர்மன் அறிஞர் ஹெர்டர் போன்றோர் பர்த்ருஹரியை அறிந்தது அதன் வாயிலாகவே. தலைப்பில் அக்காலத்துப் பாதிரிமாரின் குரல் கேட்கிறது. ஆயினும் உள்ளே விவரிப்பவரின் நேர்மை பெரும்பாலும் குன்றவில்லை.

எனினும் அந்நூலுக்கு ஒரு குறை உண்டு, அதை மறைப்பதற்கில்லை. அக்கிரகாரத்து அறிவு நிறைந்துள்ள அதன் ஏடுகளில், ஏரிக்கரைக் குப்பங்களின் வாழ்வு அதே நெருக்கத்தோடு வரையப்பெறவில்லை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் மீன்பிடியில் இன்றும் வழங்கும் ‘பாடு’ முறையை நோக்கினால் இக்குறையின் அளவு புலனாகும். முகத்துவாரத்தை அடுத்து இறால் மிகுதியாகப் படும் இடங்கள் பாடு எனப்படும். எந்த நாளில் எந்தப் பாட்டில் எவர் வலை கட்டுவது என்பதை உரிமையுள்ள தலைக்கட்டுகள் கூடிச் சீட்டுக் குலுக்கி நிச்சயிக்கின்றன. வற்றத்தின்போது நீர் கடலை நோக்கி இழுக்க, கழி நட்டுக் கட்டிய வலையில் இறால் வந்து விழும். நல்ல பாடும் மெலிந்த பாடும் எல்லோருக்கும் முறைவைத்து வருவதால், பலவானுடைய வலை ஏழையின் வலையை ஓரங்கட்ட முடிவதில்லை. மாதாகுப்பத்தில் மேரி மாதாவைத் தொழுவோரும் இந்த முறைக்குக் கட்டுப்பட்டே தொழில் செய்கின்றனர். வெளிநாட்டிலிருந்து வந்த எந்தப் பாதிரியாரும் இவர்களிடம் கேட்டுக் கற்கக்கூடிய நியாயம் இதில் நிரம்ப உண்டு.

ரோகேரியுஸ் சென்று ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பாலும் அகராதியாலும் புகழ்பெற்ற மற்றொரு பாதிரியாரான பப்ரீசியுஸ் தம் சபையாரோடு அடைக்கலம் புகுந்ததும் இவ்வூரில்தான்.

பர்த்ருஹரி முதன்முதலாக ஐரோப்பிய மொழியொன்றில் ஏறிய இடம் பழவேற்காடு. அக்காரியத்தில் பேனா ரோகேரியுஸுடையது, கல்வி பத்மநாபனுடையது. இவ்வூரின் சரித்திரத்தை எழுதுவோர் இவ்விரு பெயர்களையும் சரிசமமாகவே எழுத வேண்டும்.