நெருப்பு வெச்சா புல் வளருமா?

நேத்து அடையாறிலிருந்து பையனைக் கூட்டிக்கிட்டு கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போயிருந்தேன். வெளிமானைக் காட்டி, "இதுக்கு அடர்ந்த காடு ஆகாதுடா, புல்வெளிதான் வேணும். புதர் மண்டினா வெட்டி எடுக்கணும்"னு சொன்னேன். "கொளுத்திட்டா ஈசியாச்சேப்பா"ன்னான். சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினப்பதான் தெரிஞ்சுது, பயல் கேட்டது 140 வருஷத்துப் பழைய வழக்குன்னு.

விஷயம் இதுதான். புல்லோட குருத்து மண்ணை ஒட்டியோ மண்ணுக்குள்ளயோ இருக்கும். மேலே காய்ஞ்சதெல்லாம் எரிஞ்சா வெயில் அடிவரைக்கும் இறங்கி, புதுத் தளிர் சீக்கிரம் வரும். மரக்கன்றுக்குக் குருத்து உச்சியில. அது கருகிடும்.

நீலகிரித் தோடர்கள் எருமை மேய்ச்சலுக்காகப் புல்வெளியைக் கொளுத்தினாங்க. சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் கோடை முற்றுவதற்கு முன்னாடியே சருகை மட்டும் எரிக்கிற மாதிரி சின்ன நெருப்பு வைப்பாங்க. 'தரகு பெங்கி'ன்னு அதுக்குப் பேரு.

வெள்ளைக்காரன் கண்ணுக்கு இதெல்லாம் நாசவேலை. 1881ல் பிராண்டிஸ் மெட்ராஸ் வந்தார். நம்ம சேப்பாக்கத்தில் இருந்த ரெவின்யூ போர்டு, 'காடெல்லாம் ஏதோ ஒரு கிராமத்தோட எல்லைக்குள்ளதானே இருக்கு'ன்னு முன்னாடியே முரண்டு பிடிச்சிருந்தது. எடுபடலை. 1882ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்துச்சு. காப்புக்காட்டில் நெருப்பு வெச்சா குற்றம். மைசூர் பக்கம் இருந்த சோளகர் மலை 1974ல் சரணாலயமாச்சு, அங்கேயும் தடை வந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? அங்கே உண்ணிச்செடி காடு முழுக்கப் பரவிடுச்சு. நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறினதும் நெருப்பு நின்னதாலதான்னு சோளகர்கள் சொல்றாங்க.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துக் கோன்சா புல்வெளியில், 1970களில் ஆரம்பிச்சு இதைச் சோதனையாவே செய்யறாங்க. ஒரு துண்டு நிலத்தை வருஷா வருஷம் கொளுத்துவாங்க, இன்னொண்ணை 4 வருஷத்துக்கு ஒருமுறை, வேறொண்ணை 20 வருஷத்துக்கு ஒருமுறை. வருஷா வருஷம் எரிஞ்ச துண்டு இன்னைக்கும் புல்வெளி. நெருப்பு காணாத துண்டுல புதரும் மரமும் ஏறிடுச்சு.

அதுக்காக உடனே தீப்பெட்டியைத் தேடாதீங்க. உண்ணிச்செடி மண்டின பிறகு பத்த வெச்சா தீ கட்டுக்கடங்காது. நீலகிரியில் வெள்ளைக்காரன் கொண்டாந்து நட்ட சீகை மரத்தோட விதை, தீ பட்டா இன்னும் ஜோரா முளைக்கும். பழனி மலையில் 40 வருஷத்தில் மூணில் ரெண்டு பங்கு புல்வெளி போனதுக்கும் காரணம் நெருப்பில்லை, மரத்தோப்பும் விவசாயமும்தான்.

ஆக, நெருப்பு நல்லதா கெட்டதாங்கிறது கேள்வியே இல்லை. எப்போ, எவ்வளவு, யார் கையால - இதுதான் கேள்வி. அது தெரிஞ்சவங்க கையைத்தான் முதல்ல கட்டிப்போட்டோம்.

கிண்டியில், சுத்தி வீடும் ஆஸ்பத்திரியுமா இருக்கிற இடத்தில், நெருப்பு நடக்காத காரியம். அரிவாள்தான் வழி. பையன்கிட்ட அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள தூங்கிட்டான். உங்க ஊர்ப் பக்கம் மேய்ச்சல் நிலத்தைக் கொளுத்தின பெரியவங்க இருந்தா, எந்த மாசம் கொளுத்தினாங்கன்னு கேட்டு ஒரு பதிவு போடுங்களேன்.